செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா தங்கச்சிகளுக்கு

அன்புள்ள அக்காமாரே, தங்கச்சிகளே,

சிங்கப்பூரில் பிள்ளை பார்க்கிற வேலைக்கு வரலாமா என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தாராளமாக வாங்க. ஆனால் கையில் காகிதம் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

அந்தக் காகிதம், இங்குள்ள மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம். ஐ.பி.ஏ. என்பார்கள். மாதச் சம்பளம் அதில் எழுதியிருக்கும். "விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்" என்று சொல்பவர் சொந்தத் தாய்மாமனாகவே இருக்கட்டும், பணத்தைக் கொடுக்காதீர்கள். வயது 23 நிறைந்து 50க்குள் இருக்க வேண்டும். எட்டு வருடமாவது பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். இங்குள்ள ஏஜென்ட் உங்களிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். 5,000 சிங்கப்பூர் வெள்ளி பிணைத்தொகை முதலாளி பொறுப்பு. ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டும் அவர் பொறுப்புதான்.

டிக்கெட்டைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் துரை வீட்டுப் பிள்ளைகளைக் கப்பலில் பார்த்துக்கொண்டு போன ஆயாக்கள் பலரை, லண்டனில் இறங்கியதும் அப்படியே விட்டுவிட்டார்கள். அவர்கள் ஒதுங்க ஹாக்னி பகுதியில் ஒரு விடுதியே இருந்தது. 2022இல்தான் அந்த வீட்டில் நினைவுப் பலகை வைத்தார்கள். நமக்கு அந்த நிலை வரக் கூடாது.

வந்தபின் வேலையை நிலைக்க வைப்பது உங்கள் கையில். பிள்ளை வளர்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் உரைமருந்து, வசம்பு, தலைக்கு எண்ணெய் எதுவானாலும் தாயைக் கேட்காமல் வேண்டாம். காய்ச்சல் கண்டால் நேரத்தையும் சூட்டையும் எழுதி வையுங்கள். மாடி வீட்டு ஜன்னலை வெளிப்பக்கம் துடைக்கச் சொன்னால், கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே நின்று பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கை வைக்காதீர்கள். விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். மாதம் ஒரு நாள் லீவாவது கண்டிப்பாக உண்டு. காசு கொடுத்தாலும் அந்த நாளை விற்காதீர்கள். 2023 முதல் சட்டமே அப்படித்தான்.

குவைத், சவுதி கேட்பவர்களுக்கு: பத்தாவது தேறாதவர்கள் என்றால் முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள்.

ஊர்ப் பெரியவர்களே, உங்களிடமும் ஒரு கோரிக்கை. இங்கே வேலைக்கு வரும் பெண் அனுப்பும் பணம் அவள் பெயரிலுள்ள கணக்கிலேயே கிடக்கட்டும். அதை எடுத்துக் காதுகுத்துக்கு மொய் எழுதாதீர்கள். யார் வீட்டுப் பிள்ளைக்கோ அவள் சோறூட்டும் நேரத்தில் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தாவுக்கும் அதிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள். அதுவும் வேலைதானே?

ஐ.பி.ஏ. வந்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் ஊர்ப் பொண்ணு,
சிங்கப்பூரிலிருந்து