வீடே பள்ளி ஆகுமா?



அண்மையில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஓர் இளம் தம்பதியர் என்னைச் சந்தித்தனர். இருவரும் ஒரகடத்தில் பொறியாளர்கள். "ஃபாதர், பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கிறோம். பெற்றோர்தான் முதல் ஆசிரியர் என்று திருச்சபையே சொல்கிறதே" என்றனர்.

உண்மைதான். கிறிஸ்தவக் கல்வி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கல்விக்கான வழிகளுள் பள்ளிக்குத் தனிச் சிறப்பு உண்டு என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. நமக்கு வசதியான வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம்!

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறினால் அச்சட்டத்தில் தண்டனை இல்லை. வீட்டுவழிக் கல்வியை அது வெளிப்படையாக ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அக்கறையும் நேரமும் உள்ள அந்தத் தம்பதியர் வீட்டிலேயே நன்றாகக் கற்பிப்பார்கள் என்றே நம்புகிறேன்.

அன்று மாலை நான் சென்ற லைன் வீடுகளிலும் ஒரு பிள்ளை வீட்டில்தான் இருந்தாள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். தந்தை கட்டட வேலைக்கும், தாய் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கும் போகிறார்கள். பத்து வயதுச் சிறுமி, ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இதை எந்தக் கல்வி என்று சொல்வது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகளை நம்பி வந்த குடும்பங்களில் இத்தகைய பிள்ளைகள் உண்டு. இவர்களுக்காகத்தான் 'கட்டாயம்' என்ற சொல் தேவைப்படுகிறது. பலர் கவனிக்காத ஒன்று: சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி அந்தக் கட்டாயம் முதலில் அரசின்மீதே விழுகிறது. பிள்ளையைச் சேர்ப்பதும், வரச் செய்வதும், படிப்பை முடிக்க வைப்பதும் அரசின் பொறுப்பு. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும்.

இதையெல்லாம் தாயிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பியை யார் பார்ப்பது, ஃபாதர்?" என்றார். அங்கன்வாடியில் விசாரித்தோம். இரண்டு வயது ஆக வேண்டுமாம். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதுவரை பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள அன்பியத்தில் யாராவது முன்வருவார்களா என்று வரும் ஞாயிறு கேட்கப் போகிறேன். அந்தத் தம்பதியரிடமும்தான்.