ஒளி தந்த தகட்டை எங்கே புதைப்பது?

குடுமியான்மலைப் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது. அது கிரந்த எழுத்தில் இருப்பது வேறொரு வழக்கு, பிறிதொருகால் பேசுவோம். அம்மலையடியில் நின்று இன்று நாம் கேட்பது இது: உதவித்தொகை காட்டி உழவர்தம் கிணற்றடிகளில் நட்டுவரும் கதிரொளித் தகடுகள் இருபத்தைந்து ஆண்டுகளில் ஓய்ந்தபின், அவற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டப் போகிறார்கள்?

தகட்டை நாம் பழிக்கவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த நிலக்கரிச் சாம்பலைக் கண்டவர் எவரும் பழியார். தன்னை ஆக்கச் செலவான ஆற்றலைத் தகடு ஓரிரண்டு ஆண்டுகளில் திருப்பித் தந்துவிடுகிறது. ஆயினும் மாசே இல்லையென முழங்குவது பொய். சிலிக்கனை உருக்கிப் பிரிக்கும் உலைகளிற் பெரும்பாலன சீனத்தில் உள்ளன. அவற்றை இயக்குவது பெரிதும் நிலக்கரி மின்னாற்றலே. பிறப்பிற் புகை, இறப்பிற் குப்பை!

அவ்விறப்பைத்தான் எவரும் பேசுவதில்லை. தகட்டின் எடையில் ஏறத்தாழ முக்காற்பங்கு கண்ணாடி. சுற்றிலும் அலுமினியச் சட்டம். உள்ளே நெகிழி, செம்பு, சிறிது வெள்ளி, பற்றவைப்பில் ஈயம். சட்டத்தையும் செம்பையும் பழைய இரும்புக் கடைக்காரர் கழற்றிக்கொள்வார். நெகிழியோடு ஒட்டிய கண்ணாடியைப் பிரிக்கச் செலவு மிகுதி, வரவு குறைவு. ஆகவே எஞ்சியது புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும் விழும். உடைந்த தகட்டில் மழைநீர் புகுந்தால் ஈயம் கசியும். வானம் பார்த்த புதுக்கோட்டைச் சீமைக்குக் கண்மாயை விட்டால் வேறு நீர் ஏது?

கிணற்றடியாவது சிறிது. கமுதியில் 2016-இல் அதானி குழுமம் ஏறத்தாழ 2,500 குறுக்கத்தில் (ஏக்கர்) 25 நூறாயிரம் தகடுகளை நிறுத்தியது. 2041-ஐ ஒட்டி அவை ஒருசேர மூப்படையும்.

இந்திய அரசு 2022-இல் மின்னணுக் கழிவுச் சட்டநெறிகளில் இத்தகடுகளைச் சேர்த்தது. ஆக்குவோர் 2034–35 வரை உண்டாகும் கழிவைச் சேமித்து வைக்கவேண்டுமாம். இது தீர்வா, தள்ளிவைப்பா? அந்நெறியும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் வந்தது. குடுமியான்மலை உழவர் அதனைப் படித்து யாரிடம் முறையிடுவார்? ஐரோப்பிய ஒன்றியமோ, ஆக்கி விற்றவரே திரும்ப எடுக்கவேண்டுமென 2012-இலேயே சட்டம் செய்துவிட்டது.

தமிழ்நாட்டரசே! உதவித்தொகை வழங்கும் அதே தாளில், ஓய்ந்த தகட்டைத் திரும்ப எடுக்கும் கடமையை விற்பவர் தமிழில் எழுதிக் கையொப்பமிடட்டும். மாவட்டந்தோறும் ஒரு திரட்டகம் அமையட்டும். அதற்கான பணத்தை விற்கும் நாளிலேயே வைப்புத்தொகையாக அவரிடம் வாங்கிவிடு. இருபத்தைந்து ஆண்டு கழித்து அவர் கடை திறந்திருக்குமென்று எவர் பிணை நிற்பார்?