மேய்க்கால் சும்மா கிடக்கல

"மண்புழு எத்தனை கிலோ வாங்கி விட்டா நிலம் திருந்தும்?" நிலம் வாங்கினவங்க, வாங்கப் போறவங்க, யூடியூப் பார்த்துட்டு போன் பண்றவங்க எல்லாரும் முதல்ல கேட்கிறது இதுதான். ரெண்டாவது கேள்வி: "உங்க ஊர்ல சும்மா கிடக்கிற இடம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, மரம் நடலாம்." ரெண்டுக்கும் சேர்த்து இந்தப் பதிவு. ஏன்னா இந்த வருஷம் ரெண்டாவது கேள்வி எங்க ஊர் மேய்க்கால் வரைக்கும் வந்துடுச்சு.

முதல்ல கிலோ கணக்கு. கடையில வாங்குற புழு பெரும்பாலும் யூட்ரிலஸ் யூஜெனியே. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இல்லன்னா ஐசீனியா ஃபெட்டிடா, அது ஐரோப்பாக்காரன். ரெண்டும் குப்பைமேட்டுப் புழு. சாணி, மக்கின இலை, ஈரம், நிழல் இருந்தா நல்லா தின்னும், வேகமா பெருகும். தொட்டியில உரம் பண்ண அருமையான ஜாதி. குறை சொல்லல, என் கொட்டகையிலயும் இருக்கு. ஆனா அதை வேர்க்கடலைக் கொல்லையில கொட்டினா என்ன ஆகும்? அதுக்கு மண்ணைத் துளைச்சு ஆழமா போற பழக்கம் கிடையாது. ஆர்.கே.பேட்டை சித்திரை வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது. கொக்குக்கும் மைனாவுக்கும் விருந்து வெச்ச மாதிரிதான்.

கொல்லைக்கு வேண்டிய புழு வேற. நம்ம பக்கம் அதிகமா இருக்கிறது லாம்பிட்டோ மவுரிட்டி. மொரீஷியஸ் பேரை வெச்சிருந்தாலும் இது இந்தப் பக்கத்து ஆளுதான். பிளஸ் ஒன் விலங்கியல் படிச்சவங்க பாடப்புத்தகத்துல பார்த்திருப்பீங்க. வெயில் ஏற ஏற கீழே இறங்கும். ஈரம் சுத்தமா போனா சுருண்டு உருண்டையாகித் தூங்கும். மழை விழுந்ததும் எழுந்து வரும். இங்க ஆந்திரா எல்லை பக்கம், ஊர்ல பாதிப் பேர் வீட்டுல தெலுங்குதான். அவங்க இதுக்கு வெச்ச பேர் 'வானபாமு', மழைப்பாம்புன்னு அர்த்தம். எவ்வளவு பொருத்தம் பாருங்க. தமிழ்ல நாக்குப்பூச்சின்னு சொல்லி, வயித்துல இருக்கிற பூச்சியோட இதைக் குழப்பி வெச்சிருக்கோம். 'நாங்கூழ்'னு பழைய பேர் ஒண்ணு இருக்கு, திருவாசகத்துலயே வருது. அதை இப்ப யாரும் சொல்றதில்ல.

சென்னை நியூ காலேஜ்ல பேராசிரியரா இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல வருஷமா சொல்லிட்டு வர்றதும் இதுதான்: உள்ளூர்ப் புழுவை வெச்சே வேலை பாருங்க. மேல குப்பையைத் தின்ன பெரியோனிக்ஸ், கீழ மண்ணைப் புரட்ட லாம்பிட்டோ. ஒரே ஜாதி எல்லா வேலையும் செய்யாது. குப்பையில இருக்கிறது, மண்ணுக்குள்ளயே இருந்து மண்ணையே தின்கிறது, ஆழத்துல வளை வெச்சுக்கிட்டு மேல வந்து இலையை இழுத்துட்டுப் போறதுன்னு மூணு பிழைப்பு உண்டு. இந்தியாவுல இதுவரை பேர் வெச்ச மண்புழு ஜாதியே நானூறுக்கு மேல.

இதுல நம்ம மாதிரி வெயில் நாட்டுப் புல்வெளிக்கு உயிர், அந்த நடு ஆள், மண்ணையே தின்கிற புழு. வெறும் மண்ணுல என்ன சத்து இருக்கும்னு தோணும். பாட்ரிக் லவெல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஐவரி கோஸ்ட்ல லாம்டோங்கிற இடத்துப் புல்வெளியில வருஷக்கணக்கா உட்கார்ந்து இதைப் பார்த்தார். புழு மண்ணை விழுங்கும்போது கூடவே தண்ணியும், குடல்ல ஊறுற கொழகொழப்பும் சேருது. மண்ணுக்குள்ள பசியில முடங்கிக் கிடந்த நுண்ணுயிருக்கு அந்தக் கொழகொழப்புதான் முதல் சோறு. அது முழிச்சுக்கிட்டு, புழுவால செரிக்க முடியாத பழைய மக்கை உடைச்சுக் கொடுக்குது. ரெண்டும் பங்கு போட்டுக்குது. கூழுக்குப் புளிச்ச தண்ணி ஊத்தி வைக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. அங்கே ஒரு ஹெக்டேர்ல வருஷத்துக்கு 500 டன்னுக்கு மேல மண் புழு வயித்துக்குள்ள போய் வருதுன்னு கணக்கு சொன்னாங்க. டார்வின் 1881ல எழுதின மண்புழுப் புத்தகத்துல இங்கிலாந்துக்குச் சொன்னது ஏக்கருக்கு 10 டன்னுக்கு மேல. அவர் மேல தள்ளின மண்ணை வெச்சுக் கணக்குப் போட்டார். வெயில் நாட்டுல முக்கால்வாசி வேலை மண்ணுக்குள்ளயே நடக்குது, கண்ணுல படாது.

ஜாதி ஒண்ணே ஒண்ணு ஆனா என்ன ஆகும்னும் ஒரு கதை இருக்கு. பிரேசில்ல மனாஸ் பக்கம் அமேசான் காட்டை வெட்டி மாட்டு மேய்ச்சலுக்குப் புல் போட்டாங்க. காட்டு மண்ணுல இருந்த பூச்சி, கரையான், புழு எல்லாம் போய், பான்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ருரஸ் மட்டும் பெருகிச்சு. அது போட்ட எச்சம் ஹெக்டேருக்கு 100 டன்னுக்கு மேல. அதை உடைச்சுப் பொலபொலன்னு ஆக்குற மத்த ஜாதி இல்லாததால மேல் மண் களிமண் பூசின மாதிரி இறுகிப்போச்சு. தண்ணி இறங்கல, புல் காய்ஞ்சுது. 1999ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு இது. மண்புழுவே நிலத்தைக் கெடுத்த கதை! அதனாலதான் எத்தனை கிலோன்னு கேட்கிறவங்ககிட்ட எத்தனை ஜாதின்னு கேட்கிறேன். அதே புழு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்கள்லயும் இருக்கு.

சரி, மேய்க்காலுக்கு வர்றேன்.

எங்க ஊர் மேய்க்கால் பார்க்க ஒண்ணும் இருக்காது. செம்மண், கல், முழங்கால் உயரப் புல், அங்கங்க ஒரு வேலமரம். மாசியிலிருந்து ஆனி வரைக்கும் மொட்டையா, பழுப்பா கிடக்கும். அப்ப வந்து போட்டோ எடுத்தா 'தரிசு'ன்னுதான் எழுதத் தோணும். சர்க்காரே இந்த மாதிரி மேய்ச்சல் நிலத்தைத் தரிசு நில வரைபடத்துல சேர்த்து வெச்சிருக்கு. பட்டணத்துல 'பொறம்போக்கு'ன்னா வசவு வார்த்தை. அ பதிவேட்டைப் பார்த்தா 'மேய்க்கால் புறம்போக்கு'ன்னு மரியாதையா எழுதியிருக்கும்.

ஐப்பசி மழை நாலு நாள் பெய்ஞ்சதும் வாங்க. புல் தூருக்கு நடுவுல குருணை குருணையா, சில இடத்துல கோலிகுண்டு குவிச்ச மாதிரி எச்சம் நிக்கும். ஒரு மண்வெட்டி போட்டுப் பாருங்க. பிறகு பக்கத்துல வருஷா வருஷம் ரோட்டவேட்டர் ஓட்டி, குருணை மருந்து தூவின கரும்புக் கழனியில அதே அளவு போட்டுப் பாருங்க. நான் சொல்ல வேண்டியதில்லை. கார்போஃபுரான் மண்புழுவுக்கு எமன்னு எல்லா ஆராய்ச்சியும் சொல்லுது. கழனியில புழு செத்தா, திரும்ப வர்றதுக்கு எங்கேயாவது உயிரோட மிச்சம் இருக்கணும். எங்க ஊர்ல அது வரப்புலயும் மேய்க்கால்லயும்தான். அங்க உழவு கிடையாது, மருந்து கிடையாது, புல்வேர் வருஷம் முழுக்கச் செத்துச் செத்து முளைக்குது, மாடு சாணி போடுது. உழாம இருக்கிறதே அந்த நிலத்துக்குச் செய்ற விவசாயம்.

இப்ப அங்க குழி எடுக்கணும்னு ஒரு கூட்டம் வந்திருக்கு. நல்ல மனசுக்காரங்கதான், சந்தேகமில்ல. பொக்லைன் வெச்சு வரிசையா குழி, நெருக்கி மரக்கன்று, சுத்தி முள்வேலி, ரெண்டு வருஷம் ஆடுமாடு உள்ளே வரக்கூடாது. சாணி நின்னுடும். மரம் கூடினா நிழல்ல புல் சாகும். புல்வேரை நம்பி இருக்கிற புழு என்ன பண்ணும்? இருபது ஆடு வெச்சிருக்கிற பொம்பளைங்க எங்க ஓட்டிட்டுப் போவாங்க? வித்துடுவாங்க. வித்தா எரு விலைக்கு வாங்கணும். அப்புறம் அந்த வேலி ரெண்டு வருஷத்துல எடுக்கப்படும்னு நம்புறவங்க எங்க தாலுகாவுல பிளாட் போடற வேகத்தைப் பார்க்காதவங்க. கிராமப் பொது நிலத்து ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியிலேயே தீர்ப்பு கொடுத்திருக்கு, ஜக்பால் சிங் வழக்கு. அப்படியிருந்தும் வேலி ஒரு தடவை ஏறினா இறங்காது.

"அப்ப மரமே வேண்டாமா?" வேணும். ஏரிக்கரையில பனை விதை போடுங்க, பாதி கரை மொட்டையா இருக்கு. ரோட்டோரம் புளியமரம் வெட்டின இடம் அப்படியே கிடக்கு, அங்க நடுங்க. பள்ளிக்கூடத்துல வேம்பும் புங்கனும் வைங்க, தண்ணி நான் ஊத்துறேன். மேய்க்கால்ல ஏதாவது செஞ்சே ஆகணும்னா, பரவி வர்ற சீமைக்கருவேலையை வேரோட பிடுங்க ஆள் கூலி கொடுங்க. அதுல கன்றுக்குப் பேர்ப்பலகை வெச்சு போட்டோ எடுக்க முடியாது, அது மட்டும்தான் குறை.

அக்டோபர் 2 கிராம சபையில இந்த விஷயம் வருது. மேய்க்கால் மேய்க்காலாவே இருக்கணும்னு தீர்மான நோட்டுல ஏத்தச் சொல்லிக் கேட்கப் போறேன். ஆடு மேய்க்கிறவங்க ஆறேழு பேர் வர்றதா சொல்லியிருக்காங்க. அன்னைக்கு மழை இருந்தா ஒரு மண்வெட்டி மேய்க்கால் மண்ணையும் எடுத்துட்டுப் போலாம்னு இருக்கேன்.