கேட்கும் செவியே தலைமைக்கு அழகு

ஆலை மேற்பார்வையாளர், சங்கச் செயலாளர், பங்குப் பேரவை உறுப்பினர், வீட்டுக்குப் பெரியவர் என்று பிறரை நடத்தும் பொறுப்பு நம்மில் பலருக்கு ஏதேனும் ஒரு வகையில் வாய்த்துள்ளது. பொறுப்பு வந்தவுடன் நாம் பேசத் தொடங்கிவிடுகிறோம், கேட்பதை மறந்துவிடுகிறோம்.

வட சென்னை வரலாற்றிலேயே இதற்கு நல்ல பாடம் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்க்கு நடுப்பகல் உணவுக்கு அரைமணி நேரமே கிடைத்தது. அவர்கள் தம் குறைகளை முதலில் சொல்லியது அருகே கடை நடத்திய செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகிய இருவரிடமே. இவ்விருவரும் அச்செய்தியைப் 'நியூ இந்தியா' பத்திரிகையிலிருந்த பி. பி. வாடியாவிடம் கொண்டு சென்றனர். வாடியா பம்பாய்ப் பார்சியர், தமிழ் அறியாதவர். எனினும் தொழிலாளரை நாடிச் சென்றார். அவரது பேச்சைத் தமிழில் பெயர்த்துரைக்கப் பிறர் உதவினர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர்களுள் ஒருவர். கடைக்காரர் இருவரும் செயலாளர்கள்.

குறையைக் கேட்டவர்களிடமே பொறுப்பை ஒப்படைத்தது சிறந்த செயல். 1919-இல் வாடியா இங்கிலாந்து சென்றபோதும் சங்கம் கலையவில்லை. தாம் இல்லாதபோதும் பணி நடக்குமாறு பிறரை வளர்ப்பதே தலைமையின் உரைகல்.

இதற்குப் பெரும் கல்வி வேண்டுவதில்லை. அன்றாடப் பழக்கம் போதும். உடன் உழைப்பவரைப் பெயர் சொல்லி அழைப்போம். நன்மையைப் பலர் முன் பாராட்டுவோம். தவற்றைத் தனியே சுட்டுவோம். தீர்மானிக்கும் முன், "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்போம், வந்த யோசனை ஏற்கத் தகாததாயின் காரணத்தையும் சொல்வோம்.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் எந்திரங்களோடு உழைப்பவர்க்கு இது நன்கு விளங்கும். எந்திரத்தின் ஓசை மாறுவதை முதலில் அறிபவர் அதன் அருகே நிற்பவரே. நேற்று அவர் சொன்னதை நாம் எள்ளி நகையாடியிருந்தால், இன்று அவர் வாய் திறவார். அந்த மௌனத்திற்கு ஒருவர் விரலோ, உயிரோ விலையாகக்கூடும்.

இல்லத்திலும் அப்படியே. தேர்வில் தோற்ற மகன் தந்தையிடம் வந்து சொல்லத் துணிகின்றானா? துணிந்தால், அவ்வில்லத்தில் நல்ல தலைமை உண்டு. இம்மாதம் ஒரு நாளேனும், நமக்குக் கீழே இருப்பவர் சொல்வதை இடைமறியாது முழுவதும் கேட்டுப் பார்ப்போமாக.