கூரை யாருடையது?

ஆண்டுதோறும் வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் வேளையில் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் உக்கிரங்கொள்கிறது. அட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளில் அக்காற்றோடு லயங்களின் தகரக் கூரைகளும் பறக்கின்றன. மறுநாள் ஒரு சிறு செய்தி வரும்: இத்தனை காம்பராக்கள் சேதம், இத்தனை குடும்பங்கள் பாடசாலையிலோ கோவிலிலோ தஞ்சம். அடுத்த ஆண்டு தோட்டத்தின் பெயர் மட்டும் மாறி அதே செய்தி மீண்டும் வரும். காற்றைக் கண்டித்து எழுதுவது நமது நோக்கமன்று. காற்று தன் தொழிலைச் செய்கிறது. தத்தம் கடமையைச் செய்யாத மனிதரைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

வெள்ளையர் காலத்தில் 10 அடிக்கு 12 அடி என்ற கணக்கில் வரிசையாகக் கட்டப்பட்ட அறைகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். கல்லும் பழைய டயரும் மணல் மூட்டையும் ஏற்றித் தகரத்தை அழுத்தி வைத்திருப்பதை அட்டன் வீதியில் பயணஞ் செய்வோர் எவரும் காணலாம். அத்தனை குடும்பங்களுக்கும் கூரை ஒன்றே. ஒரு காம்பராவின் தகரம் கிளம்பினால் அவ்வழியே புகும் காற்று அடுத்த காம்பராவின் தகரத்தையும் தூக்கிவிடும். ஆகவே தனியொரு தொழிலாளி தன் தலைக்கு மேலுள்ள பகுதியை மட்டும் செப்பனிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது.

அப்படியாயின் இந்தக் கூரை யாருடையது? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. கம்பெனியாரைக் கேட்டால், நாம் குத்தகைக்காரரே என்பர். அரசாங்கத்தாரைக் கேட்டால் தோட்ட நிர்வாகத்தைக் கைகாட்டுவர். பிரதேச சபையோ, 2018இல் சட்டம் திருத்தப்படும் வரையில், தோட்டக் குடியிருப்புகளுக்குத் தன் நிதியைச் செலவிட வழியின்றி இருந்தது. நாலு தலைமுறையாக அக்கூரையின் கீழ்ப் பிறந்து, வாழ்ந்து, மடிந்த குடும்பத்தின் கையில் உறுதிப் பத்திரம் இல்லை. கூரை இருக்கும்வரை அதற்கு எசமானர் பலர். பறந்த மறுகணம் அது அநாதை.

இந்த இடத்திலேதான் காப்புறுதி என்னும் ஏற்பாடு தோட்டத் தொழிலாளியைக் கைவிடுகிறது. எப்பொருள் அழிந்தால் நமக்குச் சட்டப்படி நட்டம் நேருமோ, அப்பொருளையே நாம் காப்புறுதி செய்ய முடியும் என்பது அத்துறையின் அடிப்படை விதி. கட்டடத்தில் உரிமையற்றவன் தன் பாய், பெட்டி, பாத்திரங்களுக்குக் காப்புறுதி தேடலாம். கட்டடத்துக்கு எப்படித் தேடுவான்? 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் வாயிலாக, இயற்கை அனர்த்தத்தால் சேதமாகும் வீட்டுக்கு 25 இலட்சம் ரூபாய் வரை நட்டஈடு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், வாழ்பவன் ஒருவன், உடைமையாளன் வேறொருவன் என்ற நிலையில் நட்டஈடு எவர் கைக்குச் சேர்வது என்ற கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும்.

உரிமையுள்ளவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிடும் நுவரெலியா விவசாயியும், கடன்பட்டு வீடு கட்டிய ஆசிரியரும் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பாராக. 10 இலட்சம் பெறுமதியுள்ள வீட்டை 5 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு, 2 இலட்சம் சேதம் நேர்ந்தால், விகிதாசார விதியுள்ள பத்திரத்தின்படி 1 இலட்சமே கிடைக்கும். துருப்பிடித்த தகரமும் உளுத்த சலாகையும் நாட்பட்ட தேய்வு எனக் கழிக்கப்படும். புயலடித்த இரவே தார்ப்பாய் கட்டுவது தவிர்க்க முடியாததுதான். ஆனால் கட்டுமுன் படமெடுத்து வைக்காதவரின் சான்றும் காற்றோடு போய்விடும்.

கொந்தராத்துக்காரரையும் நாம் விட்டுவிட முடியாது. காற்றின் இழுவிசை கூரையின் நடுப்பகுதியைவிட முகட்டிலும் மூலைகளிலும் தாழ்வார விளிம்பிலுமே மிகுதி. அங்கேதான் ஆணி நெருக்கமாக இறங்க வேண்டும். கைமரம் சுவரோடு கட்டுண்டிருக்க வேண்டும். எத்தனை தகடு அடிக்கப்பட்டது என்பதற்கு மட்டும் கூலி கொடுத்தால், உளுத்த மரத்தின்மேல் புதுத் தகடு அடித்துவிட்டுப் போகிறவனே இலாபமடைவான். ஒழுங்காக வேலை செய்பவன் நட்டப்படுவான். குற்றம் அவனை அமர்த்தும் முறையிலும் இருக்கிறது.

நல்ல கூரை மட்டும் போதாது என்பதையும் நாம் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மலைநாட்டு மாவட்டங்களில் மலைகளே சரிந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயகரமானதெனக் காட்டும் சரிவில் புதுத் தகரம் அடிப்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் செயலாகும். அங்கே வேண்டியது கூரையன்று, வேறு நிலம்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, வீடும் நிலமும் உறுதிப் பத்திரத்தோடு குடும்பத்துக்கு உரித்தாக வேண்டும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளாயினும், அரசாங்கம் கட்டும் வீடுகளாயினும், பத்திரமில்லாத வீடு பாதி வீடே. இரண்டாவது, அதுவரையில் லயம் லயமாகக் கூட்டுக் காப்புறுதி செய்து, கட்டணத்தைக் கம்பெனியும் அரசாங்கமும் ஏற்று, நட்டஈட்டை அங்கு வாழும் குடும்பத்துக்கே சேர்க்க வேண்டும். மூன்றாவது, கூரை வேலைக்குரிய பணத்தில் ஒரு பகுதியை ஒரு பருவக்காற்று கழியும்வரை நிறுத்திவைக்க வேண்டும். கூரை நின்றால் பணம். நான்காவது, கிராம உத்தியோகத்தர் எழுதும் சேத அறிக்கையின் பிரதி தமிழில் அக்குடும்பத்தின் கைக்குச் சேர வேண்டும்.

இவற்றுள் மூன்றும் நான்கும் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியவையல்ல. நம்மிடையே பொறியியலாளர் உள்ளனர், சட்டத்தரணிகள் உள்ளனர், காப்புறுதித் துறையில் பணிபுரிவோரும் உள்ளனர். அவர்களிற் பலர் லயத்தில் பிறந்தவர்கள். அல்லது லயத்தில் பிறந்தோரின் மக்கள். அடுத்த பருவக்காற்றுக்கு முன் ஆளுக்கொரு தோட்டத்துக்குச் சென்று கூரைகளைப் பார்த்து, படமெடுத்து, பட்டியலிட்டுக் கொடுத்தாலே பெருந்தொண்டாகும். காற்று வரும் மாதம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே வரும் அழிவுக்கு இயற்கை அனர்த்தம் என்று பெயரிட்டு எவரும் கைகழுவ இடங்கொடுத்தல் ஆகாது.