கும்மிடிப்பூண்டி ஷிப்ட்: வேலை 8 மணி நேரம்... பயணம் யார் கணக்கில்?

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 48 கிலோமீட்டர். புறநகர் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சிப்காட் ஆலைகளுக்கு தினமும் இப்படிப் போய் வருபவருக்கு ரயிலிலேயே 3 மணி நேரம் போயிடும்.

மாதக் கணக்கு என்ன?

26 நாள் வேலை என்றால் 78 மணி நேரம். கிட்டத்தட்ட 10 ஷிப்ட்! ஆனா இதுக்கு சம்பளம் கிடையாது. தூக்கத்திலும், பிள்ளைங்களோட இருக்கிற நேரத்திலும்தான் இது கழியுது.

சட்டம் என்ன சொல்கிறது?

பயணம் வேலை நேரத்தில் சேராது. விபத்து என்றால் மட்டும் கணக்கு வேறு. இஎஸ்ஐ சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தத்தின்படி, காப்பீடு பெற்ற தொழிலாளி வேலைக்குப் போகும்போதோ, வீடு திரும்பும்போதோ விபத்தில் சிக்கினால், வேலையோடு தொடர்பு இருக்கும்பட்சத்தில் அது பணியின்போது ஏற்பட்ட காயமாகவே கருதப்படும்.

ஏன் இது முக்கியம்?

12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் தமிழக சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால், வாபஸ் பெறுவதாக மே 1-ல் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அது அமலாகியிருந்தால், 12 மணி நேர ஷிப்ட்டோடு ரயில் நேரமும் சேர்ந்து 15 மணி நேரம். மிச்சம் 9 மணி நேரத்துல தூங்கணும், குடும்பத்தையும் பார்க்கணும்.

வேலை நேரத்தை வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போட்டால்தான், குடும்பத்துக்கு என்ன மிஞ்சுதுன்னு தெரியும்.