வளையம் சிறிது, பொறுப்புப் பெரிது

பெரிய தேர் உருண்டோடுவதற்குச் சிறிய அச்சாணி இன்றியமையாதது என்பதை வள்ளுவர் நமக்கு உணர்த்திச் சென்றார். இயந்திரங்கள் மலிந்த இக்காலத்தில் அந்த அச்சாணிக்கு ஒரு தம்பி தோன்றியிருக்கின்றான். அவன்தான் இறப்பர் வளையம். நீர் இறைக்கும் பம்பு, தேயிலைத் தொழிற்சாலையின் மின்பிறப்பாக்கி, அடுக்களையின் எரிவாயுச் சீராக்கி, வானூர்தி ஆகிய எதனை எடுத்துக்கொண்டாலும், இரண்டு உலோகப் பகுதிகள் சந்திக்கும் இடத்தில் அவன் அமர்ந்து காவல் புரிகின்றான். பட்டறைக்காரர் அவனை ‘ஓ ரிங்’ என்றும் ‘ஒயில் சீல்’ என்றும் அழைப்பர். அக்காவலனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதுபற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

வளையத்தின் தொழில் யாது? உலோகத்தை எவ்வளவு வழவழப்பாகக் கடைந்தாலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் அதில் எஞ்சியே நிற்கும். அவற்றின் வழியே எண்ணெயும் வாயுவும் கசியும். இடையிலே ஓர் இறப்பர் வளையத்தை வைத்து நெருக்கினால், அது நசுங்கி அப்பள்ளங்களை நிரப்புகின்றது. நசுங்கிய பின்னரும் தன் பழைய வடிவத்திற்கு மீள முயன்று இருபுறமும் தள்ளிக்கொண்டே இருக்கின்றது. அந்தத் தள்ளுதலே காவல். மீளும் ஆற்றலை வளையம் இழந்துவிட்டால், அது இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பார், இத்தகைய வளையத்திற்கு 1937ஆம் ஆண்டில் விண்ணப்பித்து 1939ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

பசறையிலிருந்து மொனராகலைப் பக்கம் இறங்கிச் செல்லும் நம்மவர்க்கு இறப்பர் மரம் புதியதன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், அவ்வாண்டிலேயே கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவிற்கு வந்து சேர்ந்தன. அதற்கு முன்னரே, 1839ஆம் ஆண்டளவில், இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிபெறும் என்பதைச் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்திருந்தார். மரம் தரும் இறப்பரின் மீள்தன்மை வியக்கத்தக்கது. ஆயினும் அதற்கு மூன்று பகைவர் உளர்: எண்ணெய், வெப்பம், ஓசோன். கனிய எண்ணெயில் ஊறினால் அது பருத்துக் கொழகொழத்துப் போகும். நெடுநாள் வெப்பத்தில் கெட்டுவிடும். ஓசோன் பட்டால் மேற்பரப்பு வெடிக்கும். ஆகவே இயந்திரங்களுக்கு வேறு இறப்பர்கள் வேண்டியிருந்தன.

அவற்றுள் எண்ணெய்க்கு அஞ்சாதது நைத்திரில் இறப்பர். விலையும் குறைவு. ஆனால் வெப்பம் 100 பாகை செல்சியசைக் கடந்து நெடுநேரம் நிலைத்தால் அதுவும் நாளடைவில் இறுகி வெடிப்புறும். வானூர்திகளின் வேகமும் அவற்றின் இயந்திரச் சூடும் பெருகியபோது பிறந்தது புளோரோ இறப்பர். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் அதனை ‘வைட்டன்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதன் வலிமை எங்கிருந்து வருகின்றது என்பதை இரசாயனம் பயிலும் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர். இயற்கை இறப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ஓசோனும் ஒட்சிசனும் அவ்விடத்தையே முதலில் தாக்குகின்றன. புளோரோ இறப்பரின் முதுகெலும்பில் அத்தகைய இடங்கள் அரிது. அன்றியும், ஐதரசன் இருக்கவேண்டிய பல இடங்களில் புளோரீன் அமர்ந்துள்ளது. நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுவே. காபனும் புளோரீனும் பிணைந்த பிணைப்பு மிக உறுதியானது. ஆதலால் 200 பாகைச் சூட்டிலும், கொதிக்கும் எண்ணெயிலும், எரிபொருளிலும், பல அமிலங்களிலும் அது நிலைகுலையாது நிற்கின்றது.

“அப்படியாயின் எல்லா இடத்திற்கும் இதனையே வாங்கிவிடலாமே!” என்று சில அன்பர்கள் எண்ணக்கூடும். அங்கேதான் இடறல் இருக்கின்றது. நைத்திரிலைவிட இதன் விலை பன்மடங்கு. விலை கொடுத்தாலும் இது வெல்லமுடியாத பகைவர் சிலர் உளர். அசற்றோன் போன்ற கரைப்பான்கள் இதனைப் பருக்கச் செய்கின்றன. அமீன்கள் இதனைக் கெடுக்கின்றன. சாதாரண வகைகளைச் சூடான நீராவியும் நலிவிக்கின்றது. நீராவிக்கும் மோட்டார் வண்டியின் வழக்கமான தடுப்பு எண்ணெய்க்கும் எத்திலீன் புரொப்பிலீன் இறப்பரே ஏற்றது. ஆனால் அதுவோ கனிய எண்ணெயைக் கண்டால் பருத்துவிடும். ஒருவனுக்கு நஞ்சாவது மற்றொருவனுக்கு உணவாவதை இங்கே காண்கின்றோம்.

இவை யாவற்றினும் பெரிய பகைவன் குளிர். வழக்கமான புளோரோ இறப்பர் பூச்சியத்தை அணுகும்போதே சோம்பல் கொள்கின்றது; பூச்சியத்திற்குக் கீழே 20 பாகை அளவில் மீள்தன்மையை இழந்து விறைத்துவிடுகின்றது. இதனை அலட்சியம் செய்ததன் விலையை உலகம் 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் கண்டது. சாலெஞ்சர் என்னும் அமெரிக்க விண்வெளி ஓடம் புறப்பட்ட 73ஆவது வினாடியில் வானத்திலே சிதைந்தது. எழுவர் மாண்டனர், அவருள் ஒருவர் கிறிஸ்டா மக்கோலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை.

அந்த ஓடத்தின் பக்க ஏவூர்திகளில் துண்டுகள் பொருந்தும் மூட்டுகளைக் காத்தவை புளோரோ இறப்பர் வளையங்களே. விட்டம் ஏறத்தாழ 12 அடி. தடிப்போ கால் அங்குலத்திற்குச் சற்றே மிகுதி. அன்று காலை வெப்பநிலை 2 பாகை மட்டுமே. முதல்நாள் இரவே, 12 பாகைக்குக் குறைந்த குளிரில் ஏவவேண்டாம் என்று ஏவூர்தி செய்த நிறுவனத்தின் பொறியியலாளர் எடுத்துரைத்தனர். மேலிடத்தார் அதனை ஏற்கவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த பௌதிக அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன், அவ்விறப்பரின் துண்டொன்றை இடுக்கியில் நெருக்கிப் பனிக்கட்டி நீரில் இட்டு, வெளியே எடுத்துத் தளர்த்திக் காட்டினார். அது உடனே பழைய வடிவத்திற்கு மீளவில்லை. மூட்டின் அமைப்பிலும் குறை இருந்தது என்று குழு கண்டது. பின்னர் மூன்றாவது வளையமும் வெப்பமூட்டியும் சேர்த்து மூட்டைத் திருத்தியமைத்து, 1988ஆம் ஆண்டு செப்டெம்பரில் மீண்டும் ஓடத்தை ஏவினர். நெருப்பைத் தாங்கவல்லது என்று நம்பப்பெற்ற பொருள் குளிரிலே தோற்றது என்பதை நாம் மறத்தலாகாது.

எனவே, வளையம் வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் அளவை மட்டும் கூறினால் போதாது. ஐந்து வினாக்களுக்கு விடை அறிந்திருத்தல் வேண்டும். அது காணும் உச்ச வெப்பமும் கடுங்குளிரும் எவ்வளவு? அதனைத் தொடும் திரவம் அல்லது வாயு யாது? அழுத்தம் எவ்வளவு? அசையாது இருக்குமா, சுழலும் தண்டின்மீது உராயுமா? எத்தனை காலம் உழைக்கவேண்டும்?

நமது தேயிலைத் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வோம். இலை உருட்டும் இயந்திரத்தின் பற்சக்கரப் பெட்டி பெருஞ்சூடு காண்பதில்லை. அங்கே நைத்திரில் போதும். உலர்த்தியின் சூட்டருகே சுழலும் தண்டிற்கும், இடையறாது கொதிக்கும் டீசல் இயந்திரத்தின் எண்ணெய்க் காப்பிற்கும் புளோரோ இறப்பர் தன் விலைக்கு ஏற்ற பயன் தரும். நீராவிக் குழாயில் அதனைச் செருகுவதோ பணத்தையும் பாதுகாப்பையும் ஒருங்கே இழப்பதாகும். கறுப்பு வளையங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆதலால் உறையின்மேல் எழுதியுள்ள வகைப்பெயரைப் படித்தறிந்து, பிரித்த வளையங்களை ஒரே டப்பாவில் கலவாது வைத்தல் நன்று.

மற்றுமோர் எச்சரிக்கை. புளோரோ இறப்பர் 300 பாகையைக் கடந்து கருகினால் ஐதரசன் புளோரைட்டு என்னும் கொடிய பொருள் வெளிப்படும். அது தோலை ஊடுருவி எலும்பு வரை தீங்கு செய்யவல்லது. எரிந்த இயந்திரத்தைப் பிரிப்போர் கருகிப் பிசுபிசுத்த வளையத்தை வெறுங்கையால் தொடவே கூடாது. பட்டறையில் தொழில் பழகும் இளைஞர்க்குப் பெற்றோர் இதனைச் சொல்லிவைத்தல் கடமை.

திருக்குறளிலே ‘தெரிந்து வினையாடல்’ என்றோர் அதிகாரம் உண்டு. யாரிடம் எந்த வினையை ஒப்படைப்பது என்று ஆராயச் சொல்வது அது. மனிதருக்குக் கூறிய அந்நெறி வளையத்திற்கும் பொருந்தும். விலையுயர்ந்தது எங்கும் சிறந்ததன்று. தன் இடத்திற்குப் பொருந்தியதே சிறந்தது. அறிந்தவர் ‘வேண்டாம்’ என்று தடுக்கும்போது செவிசாய்ப்பதும் அத்தேர்வின் ஒரு பகுதியே ஆகும்.